உன் பக்கத்துக் கால்மிதி

மொட்டைமாடிக் கொடியில் உன் கால்மிதி காய்ந்துகொண்டிருக்கிறது. நீ உன் வீட்டிலிருந்து கொண்டுவந்து என் காரில் இடப்பக்கம் விரித்த அதே நீலக்கோடு போட்ட துணி மிதியடிதான். சோப்புத்தூளில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, பிழிந்து, திரும்ப நனைத்து, திரும்பப் பிழிந்து, என் மணிக்கட்டே விட்டுப்போயிற்று. பாலவாக்கத்தின் டிசம்பர் வெயிலையும் உப்புக்காற்றையும் நம்பி விட்டிருக்கிறேன். மூக்கருகே கொண்டுபோனால் இன்னமும் லேசாக ஒரு தித்திப்பு மணம் வருகிறது, சர்க்கரைப் பாகு போல.

அந்த மணத்தைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். தாராளமாகச் சிரி. இந்த மழைக்காலம் முழுக்க நான் பட்ட பாட்டுக்கு யாராவது ஒருத்தி சிரித்தால்தான் சரியாக இருக்கும்.

கொட்டிவாக்கம் நிறுத்தத்தில் நீ ஏறுவாய். மயிலாப்பூரில் நம் பள்ளி வாசலில் இருவரும் இறங்குவோம். நான் வரலாறு, நீ பி.டி. டீச்சர். மைதானத்தில் விசிலும் கையுமாக நின்று பிள்ளைகளிடம் இலக்கணத் தமிழில் அதட்டுவாய். கார்க் கதவைச் சாத்தியதும் அது போய், மீன் விற்ற உன் அம்மாவின் தமிழ் வந்துவிடும். "ஒரு நாளாவது உன் வாய்ல ஒரு 'கீது' வருதா பாரு. எப்பப் பாத்தாலும் மாதா கோயில் பிரசங்கம் மாரியே பேசறமே" என்று என்னைச் சீண்டாமல் நீ அடையாறு பாலத்தைத் தாண்டியதே இல்லை.

ஏறியதும் உன் முதல் வேலை செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளுவது. "காரும் வூடு மாரிதான். வூட்டுக்குள்ள எவனாவது செருப்போட வருவானா?" என்பாய். நாள் முழுக்க மைதானத்தில் நின்ற கால் உன்னுடையது. காரோடு வந்த ரப்பர் மிதி காலைச் சுடுகிறது என்று அதைத் தூக்கி டிக்கியில் எறிந்துவிட்டு இந்தத் துணியை விரித்தாய். வெறுங்காலை அதில் பரப்பி, விரல் பத்தையும் நெளித்துக்கொண்டு, "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு விடுவாய். அந்த அப்பாடாவுக்குப் பிறகுதான் நான் கியர் போடுவேன்.

இந்தக் காரில் ஹீட்டர் இருக்கிறது என்று நாம் கண்டுபிடித்தது நினைவிருக்கிறதா? போன வருஷ ஏப்ரல் வெயில், அடையாறு சிக்னல். ஏசி போதவில்லை என்று நீ ஏதோ ஒரு குமிழைப் பிடித்துச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருகிவிட்டாய். அனல் அடித்தது. ஏசி கெட்டுவிட்டது என்று இருவரும் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே மந்தைவெளி வரை வந்தோம். "இன்னாமே, நரகத்துக்கு உங்க சாமி குறுக்கு வழி எதுனா போட்டுட்டாரா?" என்று நீ கேட்டாய். விஷயம் தெரிந்த மறுநாள், உன் நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தக் குமிழின் சிவப்புப் பக்கத்தில் ஒட்டினாய். "இதத் தாண்டி எவ திருப்பினாலும் கைய ஒடிச்சிடுவேன்" என்று எனக்கு எச்சரிக்கை வேறு. அந்தப் பொட்டு அங்கேயேதான் இருக்கிறது. இந்தக் கதைக்கு அது வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள்.

போன கிறிஸ்துமஸுக்கு ஆசிரியர் அறைக்கென்று கல்கல் செய்து எடுத்துவந்தேன் அல்லவா. மாவைச் சங்கு போலச் சுருட்டி, பொரித்து, பாகில் புரட்டுவதற்கே எனக்கு நேரம் போதவில்லை. பாகு இறுகுவதற்குள் டின்னில் கொட்டி உன் மடியில் வைத்தேன். திருவான்மியூரில் ஒரு வேகத்தடையை நான் கவனிக்கவில்லை. டின்னிலிருந்த பாகு உன் புடவையிலும் கால்மிதியிலும் வழிந்தது. நீ கோபப்படவில்லை. விரலால் வழித்து நக்கிவிட்டு, "எறும்பு வந்தா உன் பக்கம் அனுப்பறேன்" என்றாய்.

இந்த ஏப்ரலில் நீ போய்விட்டாய். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், அது உனக்கும் எனக்கும் தெரியும்.

அதன் பிறகு உன் சீட்டில் யாரையும் நான் உட்காரவிடவில்லை. என் கைப்பையைக்கூடப் பின்னால்தான் போட்டேன். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டதும் ஒரு நாள் காலை கார்க் கதவைத் திறந்தேன், குப்பென்று தித்திப்பு மணம். பாகு! ஈரக்காற்றில் பழைய கறையெல்லாம் மணக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் சந்தேகமே வரவில்லை. நீ சிந்திய பாகு, நீ கால் வைத்த இடத்திலிருந்து கிளம்பி வருகிறது என்றே நம்பினேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதல் பாடவேளைக்குத் தாமதம்.

சொன்னால் பைத்தியக்காரி என்பாய். அந்த மணம் போய்விடக் கூடாது என்று நான் ஜன்னலையே இறக்கவில்லை. அடுக்குமாடியில் கார் துடைக்க வருகிறவரிடம், உள்ளே கை வைக்க வேண்டாம், வெளியே துடைத்தால் போதும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். நாளாக ஆக மணம் கூடிக்கொண்டே போனது. கறை பழசாகும்போது மணம் குறையத்தானே வேண்டும்? அது எனக்கு உறைக்கவில்லை. கூடக்கூட எனக்குச் சந்தோஷம்தான்.

அந்த நாட்களில்தான் வளையம் தெரிய ஆரம்பித்தது.

பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு முடித்துவிட்டு இருட்டும் நேரத்தில் பாலத்தில் வருகிறேன். எதிரே வரும் வண்டிகளின் விளக்கைச் சுற்றி ஒரு வட்டம். ஒவ்வொரு விளக்குக்கும் ஒன்று. நடுவே மங்கல். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அப்படியேதான் இருந்தது. "லைட்டச் சுத்தி வட்டம் வட்டமா தெரியுதுடி" என்றுதான் என் அம்மாவும் முதலில் சொன்னாள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையை எடுத்துவிட்டது. கடைசியில் என் முகத்தைத் தடவித்தான் நான் என்று தெரிந்துகொண்டாள். இதையெல்லாம் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். "உங்கம்மா கண்ணு உங்கம்மாவோட போச்சி. உன் கண்ணு உன்னுது. போய் டாக்டராண்ட காட்டுமே, காட்டுனா தெரிஞ்சிட்டுப் போவுது" என்று வருஷா வருஷம் நச்சரிப்பாய். பரீட்சை முடியட்டும், ரிசல்ட் வரட்டும் என்று நானும் சாக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

பயந்தேன். பூசி மெழுக என்ன இருக்கிறது, பயந்து செத்தேன். முட்டிவலி என்று பொய் சொல்லிச் சிறப்பு வகுப்பை வேறொருவருக்குத் தள்ளிவிட்டேன். வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து சேர்ந்தேன். மழை இருட்டு நாட்களில் பகலிலேயே முன்னால் போகும் பஸ் பனிக்குள் போவது போல் தெரிந்தது. கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில் பேசினால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். கண் போனால் கார் போகும். கார் போனால் பள்ளிக்கூடம், பூசை, மார்க்கெட் எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டும். என் அம்மா கடைசி வரை அப்படித்தான் இருந்தாள். மாடி வீட்டுக்காரர் ரொம்ப நாளாகவே காரை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வந்து காரில் உட்கார்ந்து, உன் மணத்தை முகர்ந்து முகர்ந்து அழுதேன். இந்த இடத்தில் நீ சிரிக்க ஆரம்பிக்கலாம்.

அந்த ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மழை மூட்டத்தில் சீக்கிரமே இருட்டிவிட்டது. தூறல். திருவான்மியூர் பஸ் நிறுத்தத்தில் உன் தங்கை மல்லிகா காலி மீன்கூடையோடு நனைந்துகொண்டு நின்றாள். நிறுத்தினேன். கூடையை டிக்கியில் வைத்தாள். "பின்னாடி உக்காந்துக்கோ மல்லிகா" என்றேன்.

"இன்னாத்துக்கு? நீ இன்னா எனக்கு டிரைவராக்கா?" என்று சொல்லிக்கொண்டே முன்கதவைத் திறந்து ஏறிவிட்டாள். ஏறியதும் என்ன செய்தாள் தெரியுமா? குனிந்து செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினாள். வெறுங்காலை உன் கால்மிதியில் வைத்தாள்.

"ஐயே! இன்னாக்கா இது, காலு பிசுபிசுன்னு கீது?"

"மழைத்தண்ணி உள்ள வந்திருக்கும். இல்லன்னா ஏசி தண்ணி." பார்த்துப் பேசவில்லை நான், வாய்க்கு வந்ததைச் சொன்னேன். காருக்குள் ஈரமென்றால் இந்த ஊரில் எல்லோரும் சொல்வது அதைத்தானே.

அவள் கையால் தொட்டு, விரலைத் தேய்த்து, முகர்ந்தாள். "தண்ணி இல்லக்கா. வழவழன்னு கீது, எண்ணெ மாரி. சொதசொதன்னு ஊறிப்போய் கீது பாரு. எத்தினி நாளா இப்பிடி? கால் வெச்சவங்க யாரும் சொல்லலியா?"

யார் கால் வைத்தார்கள், சொல்ல? நீ இருந்திருந்தால் முதல் சொட்டு விழுந்த அன்றைக்கே "இன்னாமே, வூட்ல ஒழுவுது" என்று ஊரைக் கூட்டியிருப்பாய். உன் இடம் உன் இடமாகவே இருக்கட்டும் என்று நான் காலியாக வைத்திருந்ததில், அந்த இடம் ஊறிக்கிடந்தது யாருக்குமே தெரியாமல் போயிற்று.

எதிரே விளக்குகள் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றும் தன் வளையத்தோடு. மல்லிகா முன்கண்ணாடியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இப்பிடியாக்கா வெச்சிக்கினு ஓட்டுவ? உள்பக்கம் பாரு, எண்ணெ பூசினாப்ல கீது." முந்தானையைச் சுருட்டி, என் பக்கமாகச் சாய்ந்து, கண்ணாடியின் உட்புறத்தில் அழுத்தி ஒரு தேய்ப்பு தேய்த்தாள். ஈஷியது. இன்னொரு மடிப்பால் இன்னொரு தேய்ப்பு.

அவள் துடைத்த இடம் ஒரு தட்டு அளவு இருக்கும். அதற்குள் தெரிந்த விளக்கில் வளையம் இல்லை. அதைச் சுற்றித் தெரிந்த விளக்குகளில் எல்லாம் இருந்தது. நான் வண்டியை ஓரம் கட்டினேன். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தேன். துடைத்த இடத்துக்குள் விளக்கு வந்தால் வட்டம் மறைகிறது, வெளியே போனால் முளைக்கிறது. கதவைத் திறந்துகொண்டு தூறலில் இறங்கி, தெருவிளக்குக் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தேன். சுத்தமான வெளிச்சம். வளையமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எதிர்ச்சாரியில் மருந்துக்கடைப் பெயர்ப்பலகையின் சின்ன எழுத்துகூடப் படிக்க முடிந்தது.

"இன்னாக்கா, கம்பத்தப் பாத்து அழுவுற?" மல்லிகா பயந்துவிட்டாள். சொன்னேன். அம்மா கதை, வளையம், கார் விற்பது, எல்லாவற்றையும் தூறலில் நின்றபடியே கொட்டிவிட்டேன். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "கண்ணாடி அழுக்குக்கா இந்தப் பாடு? எங்கக்கா இருந்தா உன்ன வுட்டிருக்குமா?" என்றாள். இல்லை, விட்டிருக்க மாட்டாய்.

மறுநாள் காலையிலேயே சைதாப்பேட்டைக்கு ஓட்டிப் போனேன். மெக்கானிக் பாயை உனக்குத் தெரியும், நீ நைனா என்று கூப்பிடுவாயே, அவர்தான். விஷயத்தைச் சொன்னதும் அவரும் எல்லோரையும் போல, "ஏசி டிரெயின் அடச்சிருக்கும் மேடம், மழ சீசன்ல வர்ற வண்டியெல்லாம் இதே கேஸ்தான்" என்று ஏசி தண்ணீர் வெளியேறும் குழாயை ஊதிவிட்டார். கீழே பளிங்கு போல் தண்ணீர் ஓடியது. அடைப்பே இல்லை. நான் கால்மிதியை எடுத்து அவர் கையில் கொடுத்து, பிழியச் சொன்னேன். பச்சையாக வடிந்தது. அவர் முகம் மாறியது. பானெட்டைத் திறந்தார். இன்ஜினைக் குளிரவைக்கும் பச்சைத் திரவமான கூலன்ட், அதன் டப்பாவில் அடிக்கோட்டுக்கும் கீழே கொஞ்சம்தான் தேங்கியிருந்தது.

"கீழ தரையில சொட்டு எதுனா பாத்தீங்களா?"

"இல்ல பாய்."

"அப்ப உள்ளதான் போவுது."

ரேடியேட்டர் வாயில், அழுத்தம் காட்டும் முள் வைத்த ஒரு கைப்பம்பைப் பொருத்தி அழுத்தினார். முள் ஏறி நின்று, மெல்ல இறங்கியது; எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தமாம். டார்ச்சோடு உன் சீட்டுக்கு முன்னால் தலையை நுழைத்துப் படுத்தார். "வாங்க மேடம், பாருங்க" என்றார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் எட்டிப் பார்த்தேன். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு பச்சைச் சொட்டு தொங்கி, நின்று, விழுந்தது. அடுத்தது.

"ஹீட்டர் கோர் ஓட்டையாயிடிச்சி மேடம். உள்ள ஒரு குட்டி ரேடியேட்டர் கீது. இன்ஜின் வெந்நீ அதுல வந்து சுத்திட்டுப் போவும். நீங்க ஹீட்டர் போட்டாலும் போடாட்டியும் சுத்திக்கினேதான் இருக்கும். அந்த ஆவிய ஏசி காத்து தூக்கினு போய் கண்ணாடியில அப்பிடும்."

"இந்த ஊருக்கு எதுக்கு பாய் ஹீட்டர்?"

"வண்டி செஞ்சவனக் கேளுங்க" என்று சிரித்தார்.

எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. "அந்த வாசனை?"

"கூலன்ட் வாசனைதான். தித்திப்பா வரும். ஆனா வெஷம் மேடம். நாய், பூன நக்கிச்சின்னா அவ்ளோதான். ஜன்னல எறக்கி வுட்டுதான ஓட்டினீங்க?"

மாதக்கணக்கில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நீ என்று நினைத்து நான் முகர்ந்து உருகியது ரேடியேட்டர் தண்ணீரை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மெல்ல, பிறகு அடக்க முடியாமல். பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லி அனுப்பினார். ஏப்ரலுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஷெட்டில்தான்.

கோரை மாற்றுவதென்றால் டேஷ்போர்டு முழுவதையும் பிரிக்க வேண்டும், திரும்பப் பூட்டினால் கடகட என்று சத்தம் வரும் என்றார் பாய். இன்னொரு வழி, உள்ளே போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் இன்ஜின் பக்கமே ஒன்றோடொன்று இணைத்துவிடுவது. வெந்நீர் உள்ளே வராது. ஹீட்டர் வேலை செய்யாது. "ஊட்டிக்குப் போறாப்ல இருந்தா ஸ்வெட்டர் போட்டுக்கோங்க" என்றார். நான் இணைத்துவிடச் சொன்னேன். வளைந்த ரப்பர் குழாய் ஒன்றைப் பொருத்தி, இரண்டு பக்கமும் கிளிப்பை இறுக்கினார். புது கூலன்ட் ஊற்றி, மூடியைத் திறந்துவைத்தே இன்ஜினை ஓடவிட்டு, காற்றுக்குமிழ் வருவது நிற்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பப் பம்பை வைத்து அழுத்தினார். முள் ஏறிய இடத்திலேயே நின்றது. உன் அப்பாடா ஒன்றை நானே விட்டேன்.

தரைவிரிப்பைக் கழற்றிக் கழுவி, கண்ணாடியின் உட்புறத்தைச் சோப்புநீரால் இரண்டு தடவை தேய்த்தபோதுதான் பாய் உன் பொட்டைப் பார்த்தார். "இனிமே இது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒண்ணும் ஆவாது. பொட்ட எடுத்துடட்டுமா மேடம்?" என்றார். "கைய ஒடிச்சிடுவேன் பாய்" என்றேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

திங்கட்கிழமை மல்லிகா என்னை இழுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வளையம் கண்ணில் இல்லை என்று தெரிந்த பிறகுதான் போகத் தைரியம் வந்தது, என்னத்தைச் சொல்ல. மோவாயை வைத்து, விளக்கைப் பார்த்து, சொட்டுமருந்தில் கண் கூசி, எல்லாம் ஆயிற்று. "அழுத்தம் சரியா இருக்கும்மா, நரம்பும் நல்லா இருக்கு. அம்மாவுக்கு இருந்ததால வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க, போதும்" என்றார் டாக்டர். வெளியே வந்து மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் நீ சொன்னது இவ்வளவுதான். காட்டினேன், தெரிந்துவிட்டது.

மாடி வீட்டுக்காரரிடம் கார் விற்பதற்கில்லை என்று சொல்லியாயிற்று. ஏன் என்று கேட்டார். "கண்ணு நல்லா தெரியுது சார்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிறப்பு வகுப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். முட்டிவலி எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நேற்று இருட்டிய பிறகு பாலத்தில் வந்தேன். ஆற்றில் விளக்குகள் விழுந்து கிடந்தன. ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டேன். ஆற்று நாற்றம்தான் வந்தது, வரட்டும்.

காருக்குள் இப்போது எந்த மணமும் இல்லை. இரண்டு நாள் அது என்னவோ போலிருந்தது. பிறகு யோசித்தேன். நீ இருந்தது அந்த மணத்திலா? உன் வெறுங்காலில் இருந்தாய், உன் கத்தலில் இருந்தாய். கல்கல் போட இந்த வாரம் மாவு பிசைய வேண்டும். டின்னை மல்லிகா மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். திருவான்மியூர் வேகத்தடையை இந்தத் தடவை கவனிக்கிறேனா பார்க்கலாம்.

ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது எனக்கு. காலையில் என் பக்கம் ஏறுவதற்கு முன்னால் சுற்றிப்போய் உன் கதவைத் திறக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை உள்ளே தரைவிரிப்பில் வைத்து, ஈரம் தட்டுகிறதா என்று அழுத்திப் பார்க்கிறேன். ஏதோ வேண்டுதல் என்று வாட்ச்மேன் தலையைத் திருப்பிக்கொள்கிறார். கால்மிதி நன்றாகக் காய்ந்ததும் இன்று சாயங்காலம் அங்கேயே விரித்துவிடுவேன். இன்றைக்குக் காலையிலும் பார்த்தேன், விரல் பத்தையும் நெளித்து, உன்னைப் போலவே.

காஞ்சிதான் கீது. நீ கவலப்படாத.